லூயி மாலின் 'ஓ ரவுவார் லெஸான்ஃபான்': ஜோசஃப்பை மட்டும் கூண்டில் ஏற்றலாமா?

நள்ளிரவுக்காட்சி:

உலக சினிமா பிரிவில் இந்தப் படத்துக்குத் தனி இழை இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன். 1987-இல் வந்த பிரெஞ்சுப் படம், இயக்கம் லூயி மால். 'போய் வருகிறேன், பிள்ளைகளே' என்று தலைப்புக்குப் பொருள். கதையை முடிவு வரைக்கும் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

1944 ஜனவரி. பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, பதினோரு பன்னிரண்டு வயது ஜூலியனைப் பாரிஸ் ரயில் நிலையத்தில் அவன் அம்மா வழியனுப்புகிறாள். நகரத்தை விட்டுத் தள்ளி, காட்டோரமாக, கார்மேல் சபைச் சாமியார்கள் நடத்தும் விடுதிப் பள்ளி அது. வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். அந்தப் பருவத்தில் மூன்று பையன்கள் புதிதாக வந்து சேருகிறார்கள். அவர்களில் ஒருவன் ழான் போனே. கணக்கில் கெட்டி, பியானோவில் அதைவிடக் கெட்டி. ஜூலியனுக்கு முதலில் பொறாமைதான். ஓர் இரவு கண்விழித்துப் பார்த்தால் போனே மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய அலமாரியைக் குடைந்தால் ஒரு புத்தகத்தில் வேறு பெயர் இருக்கிறது: கிப்பெல்ஸ்டைன். போனே யூதப் பையன். பள்ளியை நடத்தும் ஃபாதர் ழான் அந்த மூன்று பேரையும் பொய்ப் பெயரில் அங்கே ஒளித்து வைத்திருக்கிறார்.

இதைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் எல்லாரும் இரண்டு சிறுவர்களின் நட்பைப் பற்றியே எழுதுகிறார்கள். நட்பு அழகாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் எனக்கு இந்தப் படம் முழுக்க ஜோசஃப் மீதுதான் கண். சமையலறையில் எடுபிடி வேலை செய்கிற, கால் விந்துகிற பையன். பணக்காரப் பிள்ளைகளுக்கு அவன் கேலிப்பொருள். அதே சமயம் அவர்களுக்கு அவன் தேவை. வீட்டிலிருந்து வரும் ஜாம் பாட்டிலை அவனிடம் கொடுத்தால் தபால்தலை கிடைக்கும், வேறு சாமானும் கிடைக்கும். ஜூலியனும் அந்த வியாபாரத்தில் இருக்கிறான், அவன் அண்ணனும் இருக்கிறான்.

பிறகு குட்டு உடைகிறது. ஃபாதர் ழான் அந்தப் பையன்களை வரிசையாக நிற்க வைத்து விசாரிக்கிறார். ஜோசஃப்புக்கு வேலை போகிறது. பணக்காரப் பையன்களைப் பள்ளியை விட்டு அனுப்பவில்லை, பெற்றோரை நினைத்து விட்டுவிடுகிறார். ஈஸ்டர் வரை வெளியே போக அனுமதி இல்லை, அவ்வளவுதான் தண்டனை. ஒரே தவறுக்கு ஒருத்தனுக்குத் தெரு, மற்றவர்களுக்கு விடுதியிலேயே இருக்கிற தண்டனை. போக்கிடம் இல்லாத ஜோசஃப் ஜெர்மானியரிடம் போய்ச் சொல்லிவிடுகிறான்.

என் கேள்வி இதுதான். யூதப் பிள்ளைகளை உயிரைப் பணயம் வைத்து ஒளித்து வைத்த அதே மனிதர், தன் சமையலறைப் பையன் விஷயத்தில் நியாயமாக நடக்கவில்லை. அந்தப் பள்ளிக்குள் இருந்த ஏற்றத்தாழ்வுதான் மூன்று பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தது என்று நான் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா?

வெண்திரை:

ஏற்றுக்கொள்ள மாட்டேன். வேலை போன எல்லாரும் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோவின் வாசலில் போய் நிற்கவில்லை. கடைசியில் முற்றத்தில் ஜூலியன் அவனைப் பார்க்கும்போது ஜோசஃப் என்ன சொல்கிறான்? அவர்கள் யூதர்கள்தானே, எதற்குக் கவலைப்படுகிறாய் என்கிற தோரணையில் பேசுகிறான். வறுமை அவனை அங்கே தள்ளியிருக்கலாம். அந்தப் பேச்சை வறுமை சொல்லிக்கொடுக்கவில்லை. அது அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது, அவன் எடுத்துக்கொண்டான்.

நள்ளிரவுக்காட்சி:

அதே காட்சியில் அவன் இன்னொன்றும் சொல்கிறான், வெண்திரை. உங்களோடு வியாபாரம் வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்னைத் துரத்தியிருக்க மாட்டார்கள் என்கிறான். ஜூலியன் வாயடைத்துப் பின்வாங்குகிறான். ஏனென்றால் அது உண்மை. இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து, ஒரு நிமிஷ இடைவெளியில் வருகின்றன. மால் ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பாத்திரம் என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

கல்வெட்டு:

விவாதத்துக்குள் போவதற்கு முன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது நடந்த கதை. பள்ளியின் பெயர் பெத்தி கொலேஜ், ஊர் ஃபோந்தேன்ப்ளோவை ஒட்டிய ஆவோன். படத்தில் ஃபாதர் ழான் என்று வருபவர் நிஜத்தில் ஃபாதர் ழாக். 1900-இல் பிறந்தவர், இயற்பெயர் லூசியன் புனெல். பள்ளியை நடத்தியவர் அவர்தான்.

அவர் ஒளித்துவைத்த மூன்று மாணவர்கள்: ஹான்ஸ் ஹெல்முட் மிஷெல், ழாக் ஃபிரான்ஸ் ஹால்பெர்ன், மொரிஸ் ஷ்லோசெர். முதல் பையனுக்குப் பள்ளியில் கொடுத்திருந்த பெயர் ழான் போனே. மால் அந்தப் பெயரை மாற்றாமல் படத்தில் வைத்திருக்கிறார். லூசியன் வெயில் என்ற யூத ஆசிரியருக்கும் ஃபாதர் அங்கே வேலை கொடுத்திருந்தார். படத்தில் அவர் வரமாட்டார்.

1944 ஜனவரி 15 அன்று கெஸ்டாபோ வந்தது. பிள்ளைகள் மூவரையும் பாரிஸை ஒட்டிய திரான்சி தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய், பிப்ரவரி 3-ஆம் தேதி புறப்பட்ட 67-ஆவது ரயிலில் ஏற்றினார்கள். பிப்ரவரி 6 அன்று ஆஷ்விட்ஸ் போய்ச் சேர்ந்ததும் கொன்றுவிட்டார்கள். வகுப்பறையிலிருந்து விஷவாயு அறைக்கு மூன்று வாரமும் ஒரு நாளும்தான். வெயிலும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்.

ஃபாதர் ழாக் மவுத்தவுசன், கூசன் முகாம்களில் இருந்தார். 1945 மே மாதம் அமெரிக்கப் படை வந்து முகாமைத் திறந்தது. ஆனால் உடம்பு அதற்குள் ஓய்ந்துவிட்டது. ஜூன் 2 அன்று ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் இறந்துபோனார். 1985-இல் இஸ்ரேலின் யூதப் படுகொலை நினைவு நிறுவனமான யாத் வாஷெம் அவருக்கு, யூதர்களைக் காப்பாற்றிய பிற மதத்தவருக்குத் தருகிற 'நாடுகளின் நீதிமான்' பட்டம் கொடுத்தது.

லூயி மால் அந்தப் பள்ளியில் படித்தவர். 1932-இல் பிறந்தவர். அந்த ஜனவரி காலையில் அவருக்கு வயது 11.

வெண்திரை:

நன்றி கல்வெட்டு. இப்போது ஜோசஃப்பை விட்டுவிட்டு ஜூலியனுக்கு வருவோம். எனக்குப் படத்தின் மையம் அந்த ஒரு பார்வைதான்.

டாக்டர் முல்லர் என்ற கெஸ்டாபோ அதிகாரி வகுப்புக்குள் வருகிறார். இங்கே கிப்பெல்ஸ்டைன் யார் என்று கேட்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்குப் போகிறார். போர்முனை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று பையன்கள் குத்திவைத்திருந்த சின்னக் கொடிகளை நிதானமாகப் பிடுங்குகிறார். அந்த நேரத்தில், அவர் முதுகு காட்டி நிற்கிறார் என்ற நம்பிக்கையில், ஜூலியன் திரும்பி போனேயைப் பார்க்கிறான். ஒரு நொடிதான். முல்லர் திரும்பிவிடுகிறார். நேராக போனேயின் மேசைக்கு நடந்து போகிறார்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். போனே அழவில்லை, ஓடவில்லை. புத்தகத்தையும் பென்சிலையும் ஒழுங்காக எடுத்து வைக்கிறான். பக்கத்தில் இருக்கும் பையன்களுக்கு ஒவ்வொருவராகக் கைகொடுக்கிறான். சிப்பாய் இழுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அந்த மரியாதையை விடவில்லை. ஒரு பிள்ளை இந்த நாளுக்காக எவ்வளவு காலமாகத் தயாராக இருந்திருந்தால் இப்படிச் செய்ய முடியும்!

பிறகு படுக்கை அறையில் மூட்டை கட்டும்போது ஜூலியனிடம் அவனே ஆறுதல் சொல்கிறான்: எப்படியும் என்னைப் பிடித்திருப்பார்கள், நீ வருத்தப்படாதே. காட்டிக்கொடுத்தவனுக்கு அகப்பட்டவன் ஆறுதல் சொல்கிறான். ஜூலியன் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை, பாசத்தால்தான் திரும்பினான். அந்தப் பாசமே நண்பனைக் கொன்றுவிட்டது. படத்தில் பால்யம் முடிகிற இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் அந்தக் கழுத்துத் திருப்பத்தைத்தான் காட்டுவேன்.

கல்வெட்டு:

அந்தப் பார்வை நிஜத்தில் நடக்கவில்லை. மாலே பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். நிஜத்தில் அந்தப் பையனோடு அவருக்குப் படத்தில் இருக்கிற அளவுக்கு நெருக்கமும் இல்லை.

மூன்றாம்மணி:

இது எனக்குப் புதுச் செய்தி, கொஞ்சம் அதிர்ச்சியாகவும் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு மனிதர் தான் செய்யாத குற்றத்தைத் தானே எழுதி, தன் பெயருக்கு நிகரான பாத்திரத்தின் மேல் போட்டுக்கொண்டார் என்றாகிறது. பொதுவாகத் தன் கதையை எழுதுகிறவர்கள் தம்மைக் கொஞ்சம் கழுவித் துடைத்துத்தானே காட்டுவார்கள்?

நள்ளிரவுக்காட்சி:

மூன்றாம்மணி கேட்டது சரியான இடம். என் வாசிப்பைச் சொல்கிறேன். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் காலையை மனசில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் மால். அவர் இயக்க ஆரம்பித்தது 1950-களில். இந்தக் கதையை எடுத்தது 1987-இல். நடுவில் எத்தனையோ படம். நடந்ததை நடந்தபடி எடுத்தால் அவர் வெறும் சாட்சி. சும்மா பார்த்துக்கொண்டிருந்த ஒரு வகுப்பு முழுக்கச் சாட்சிதான். ஆனால் உயிரோடு மிஞ்சியவனுக்கு உள்ளே இருப்பது சாட்சியின் மனநிலை இல்லையே. நான் ஏதோ செய்திருக்க வேண்டும், அல்லது செய்துவிட்டேன் என்கிற உறுத்தல்தான். அந்த உறுத்தலுக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பார்வையைச் சேர்த்திருக்கிறார். நடந்ததை மாற்றினார், உணர்ந்ததை மாற்றவில்லை.

இதை ஜோசஃப்போடு சேர்த்துப் பாருங்கள். ஜோசஃப் தெரிந்தே காட்டிக்கொடுத்தான், ஜூலியன் தெரியாமல். ஆஸ்பத்திரி அறையில் ஒரு கன்னியாஸ்திரி பயத்தில் காட்டிக்கொடுக்கிறாள், இன்னொரு பையன் அங்கே அகப்படுகிறான். மூன்று பேர், மூன்று காரணம், விளைவு ஒன்று. மால் நினைத்திருந்தால் எல்லாப் பழியையும் ஜோசஃப் தலையில் கட்டிவிட்டு ஜூலியனைச் சுத்தமாக வெளியே கொண்டுவந்திருக்கலாம். அதைச் செய்யாததுதான் இந்தப் படத்தின் நேர்மை.

வெண்திரை:

கன்னியாஸ்திரியை நான் மறந்தே போயிருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாதபடி அந்தக் காட்சி இருக்கிறது. ஆனாலும் மூன்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பயத்தில் கண் போவது வேறு, நடந்துபோய்க் கதவைத் தட்டிச் சொல்வது வேறு. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் யாருமே எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும்.

செம்பருத்தி:

நான் இதுவரை இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு காட்சியை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த உணவகக் காட்சி. ஜூலியனின் அம்மா பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள், போனேயையும் சேர்த்து அழைத்துக்கொண்டு சாப்பிடப் போகிறாள். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், நல்ல உடை, அமைதியானவர், தினமும் அங்கே வருகிறவர். அப்போது மிலீஸ்காரர்கள் உள்ளே வருகிறார்கள். ஜெர்மானியர் இல்லை, பிரெஞ்சுக்காரர்களே சேர்ந்த துணைப்படை. பெரியவரின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, யூதருக்கு இங்கே அனுமதி இல்லை என்று கத்துகிறார்கள். உணவகத்தில் இருப்பவர்களில் சிலர் மிலீஸ்காரர்களை எதிர்த்துக் குரல் கொடுக்கிறார்கள், சிலர் அவர்கள் பக்கம் நிற்கிறார்கள். கடைசியில் அவர்களை வெளியே போகச் சொல்பவர் யார்? இன்னொரு மேசையில் குடித்துக்கொண்டிருந்த ஜெர்மன் அதிகாரி. ஜூலியனின் அம்மா முன்னால் கம்பீரம் காட்டத்தான் அவர் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தோன்றியது.

இது முடிந்ததும் பேச்சு யூதர்கள் பக்கம் திரும்புகிறது. எனக்கு யூதர்கள்மேல் ஒரு வெறுப்பும் இல்லை என்கிறாள் அம்மா. உடனே, அந்த லெயோன் ப்ளூமைத் தவிர, அவரை வேண்டுமானால் தூக்கில் போடட்டும் என்கிறாள். அதே மேசையில் போனே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

எனக்கு மிலீஸ்காரர்களைவிட இந்த அம்மாதான் உறுத்தினாள். கெட்டவள் இல்லை. மகன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், மகனின் சிநேகிதனையும் அன்பாக நடத்துகிறாள். அவள் பேச்சில் அந்த விஷம் எந்தச் சிரமமும் இல்லாமல் வந்து போகிறது. ஜோசஃப்புக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று வெண்திரை கேட்டாரே, இப்படிப்பட்ட சாப்பாட்டு மேசைகளிலிருந்துதான் வந்திருக்கும்.

கல்வெட்டு:

செம்பருத்தி சொன்னதற்குப் பின்னணி: லெயோன் ப்ளூம் 1936-இல் மக்கள் முன்னணி என்ற இடதுசாரிக் கூட்டணி சார்பில் பிரதமரானவர். சோஷலிஸ்ட், யூதர். சம்பளத்தோடு விடுப்பும் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் அவர் ஆட்சியில் வந்தவை. முதலாளி வீடுகளில் அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி இதனால். மாலின் குடும்பமும் சர்க்கரை ஆலை வைத்திருந்த பெரிய முதலாளிக் குடும்பம். தான் கேட்டு வளர்ந்த பேச்சையே அந்த அம்மா வாயில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மூன்றாம்மணி:

அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிற காட்சியையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். யூதர்கள் என்றால் யார் என்று ஜூலியன் கேட்கிறான். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் என்கிறான் அண்ணன். அவர்கள்மேல் என்ன கோபம்? நம்மைவிட அவர்களுக்கு மூளை அதிகம், அதோடு இயேசுவைச் சிலுவையில் அறைந்தவர்கள். அது ரோமர்கள் செய்தது அல்லவா, இதற்காகவா மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று தம்பி திருப்பிக் கேட்கிறான். அண்ணனிடம் பதில் இல்லை. ஒரு பிள்ளை இரண்டு கேள்வி கேட்டாலே சரிந்துவிடுகிற காரணங்களை வைத்துக்கொண்டு ஒரு தேசம் சட்டம் போட்டிருக்கிறது.

பாரிஸ்வாசி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், இப்ப கனகாலமாகப் பாரிஸில் இருக்கிறேன். படத்தைப் பற்றி நீங்கள் கதைப்பது எனக்கு நல்லாகப் பிடித்திருக்கு. இங்கேயிருந்து பார்க்கிற ஒரு விசயத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுகிறபோது வாசலில் ஒரு கறுப்புப் பலகை. பாரிஸில் கன பாடசாலைகளில் இது இருக்கு. 1942 முதல் 1944 வரை பிரான்ஸிலிருந்து 11,000-க்கும் மேற்பட்ட யூதப் பிள்ளைகள் நாடு கடத்தப்பட்டு மரண முகாம்களில் கொல்லப்பட்டார்கள், அதில் ஜெர்மானியரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு விஷி அரசாங்கம் நேரடியாகப் பங்கெடுத்தது, இந்த வட்டாரத்திலிருந்து இத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று எழுதியிருக்கும். கடைசி வரி, அவர்களை ஒருபோதும் மறவாதிருப்போம். நான் முதல் எத்தனையோ தரம் அதைக் கவனிக்காமல் கடந்து போயிருப்பேன். மகள்தான் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள். இந்தப் பிள்ளைகள் இதே வாசலால்தான் உள்ளே போனவர்களா அப்பா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இந்தப் படத்தை இங்கே பாடசாலைகளில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான், அதாவது ஜூலியனின் வயதில். மகளும் அப்படித்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஜோசஃப்பைப் பற்றியும் இல்லை, அந்தப் பார்வையைப் பற்றியும் இல்லை. கோயிலில் நடக்கிற காட்சியைப் பற்றிக் கேட்டாள். நற்கருணை கொடுக்கிறபோது போனேயும் ஜூலியனோடு போய் முழங்காலில் நிற்கிறான். ஃபாதர் அப்பத்தோடு கையைக் கொண்டுவந்து, முகத்தைப் பார்த்துத் தயங்கி, அவனுக்குக் கொடுக்காமல் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். ஏன் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அவனும் எல்லாரையும் போல ஆகியிருப்பானே என்று அவளுக்குக் கவலை.

மூன்றாம்மணி:

பாரிஸ்வாசி, உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு நான் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவன் என்கிற முறையில் பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஃபாதருக்கு அப்பம் வெறும் சடங்கு இல்லை, ஆண்டவரின் உடல். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அதைக் கொடுக்க அவர் நம்பிக்கை இடம் தராது. அதைவிட முக்கியம், கொடுத்தால் அந்தப் பிள்ளையின் நம்பிக்கையையும் மீறியதாகிவிடும். போனே இரவில் மெழுகுவர்த்தி ஏற்றித் தன் கடவுளைத் தொழுகிறவன். அவனுக்குப் பெயரை மாற்றிக் கொடுத்த ஃபாதர், அவன் மதத்தை மாற்ற ஒரு தடவைகூட முயலவில்லை. உயிரைக் காப்பாற்றுகிறேன், பதிலுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொள் என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தயக்கத்தில் எனக்குத் தெரிந்தது மரியாதைதான்.

அதே பூசையில்தான் பணக்காரப் பெற்றோர் முன்னால், பணக்காரர் மோட்சம் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதுக்குள் நுழைவது சுலபம் என்று பிரசங்கம் வைக்கிறார். ஒரு கனவான் எழுந்து வெளியே போய்விடுகிறார். இவ்வளவு பேசிய மனிதர் சில நாள் கழித்து ஜோசஃப் விஷயத்தில் பணக்காரப் பெற்றோருக்காகச் சட்டத்தை வளைக்கிறார் என்றால், அந்த முரண் அவருக்கும் தெரிந்தே இருக்கிறது. ஜோசஃப்பை அனுப்புவது அநியாயம் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார். நள்ளிரவுக்காட்சி சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. மீதிப் பாதிக்கு அந்த மனிதரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். பள்ளி நடந்தால்தான் பிள்ளைகளை ஒளிக்க முடியும். பணக்காரர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பள்ளி இல்லை.

கல்வெட்டு:

பாரிஸ்வாசி குறிப்பிட்ட பலகையில் 'விஷி அரசாங்கத்தின் நேரடிப் பங்கு' என்று எழுதுவதற்கு பிரான்ஸுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அதைச் சொன்னால்தான் 1987-இல் இந்தப் படம் எப்படி விழுந்திருக்கும் என்று புரியும்.

யூதர்களை அரசு வேலையிலிருந்து விலக்கிய முதல் சட்டம் 1940 அக்டோபர் 3 அன்று வந்தது. அது விஷி அரசாங்கம் தானே போட்ட சட்டம். 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 13,000 பேரைக் கைது செய்தது பிரெஞ்சு போலீஸ். அதில் 4,000-க்கும் மேல் குழந்தைகள். குடும்பங்களைச் சைக்கிள் பந்தய மைதானத்தில் அடைத்துவைத்தார்கள். பிரான்ஸிலிருந்து மொத்தம் சுமார் 76,000 யூதர்கள் அனுப்பப்பட்டார்கள். இதற்கு அரசு பொறுப்பு என்று ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி பகிரங்கமாக ஏற்றுக்கொண்டது 1995 ஜூலையில், ழாக் ஷிராக் காலத்தில்.

நடுவில் இருந்த காலம் முழுக்க, நாங்கள் எல்லாரும் எதிர்த்துப் போராடினோம் என்கிற கதைதான் ஓடியது. மால் 1974-இல் 'லகோம்ப், லூசியன்' என்று ஒரு படம் எடுத்தார். கிராமத்துப் பையன் ஒருவன் ஜெர்மன் போலீஸுக்கு வேலை பார்க்கப் போய்விடுகிற கதை. பெரிய சர்ச்சையானது. பிறகு சில வருஷத்தில் மால் அமெரிக்கா போய் அங்கே படம் எடுக்கத் தொடங்கினார். திரும்பி வந்து எடுத்த படம்தான் இது. அதே 1987-இல் லியோன் நகரத்தில் கெஸ்டாபோ அதிகாரி கிளாஸ் பார்பியின் வழக்கு நடந்தது. இசியூ கிராமத்து விடுதி ஒன்றிலிருந்து 1944 ஏப்ரல் 6 அன்று 44 யூதப் பிள்ளைகளைப் பிடித்து அனுப்பியதும் அந்தக் குற்றச்சாட்டில் ஒன்று. நாடே அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசிய வருஷத்தில் இந்தப் படம் திரையரங்குக்கு வந்தது. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது, அடுத்த வருஷம் சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட பிரான்ஸின் ஏழு சேஸார் விருதுகள்.

நள்ளிரவுக்காட்சி:

லகோம்ப் பற்றி நீங்களே தொடங்கிவிட்டீர்கள், நல்லது. லூசியனும் ஜோசஃப்பும் ஒரே வார்ப்பு. இரண்டு பேருமே கீழே கிடந்தவர்கள், தங்களை மதிக்காதவர்கள்மேல் கோபம் உள்ளவர்கள், துப்பாக்கி வைத்திருப்பவன் பக்கம் போனால் ஒரு நாளாவது ஆளாக இருக்கலாம் என்று நினைத்தவர்கள். 1974-இல் மால் அந்தப் பையன் பக்கத்திலிருந்து பார்த்தார். 1987-இல் அவனால் பாதிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கிறார். அப்போதும் அவனை வெறும் வில்லனாக விட மனசு வரவில்லை.

மயிலைத்தேர்:

மாலுக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, தெரியுமோ? 1968-இல் இந்தியாவில் சுற்றிப் படம்பிடித்து, 'மாய இந்தியா' என்று சொல்லத்தக்க தலைப்பில் ஏழு பகுதிகளாக 1969-இல் வெளியிட்டார். ஒரு பகுதி முழுக்கச் சென்னை. மயிலாப்பூர் தேர், கலாக்ஷேத்ரா நடன வகுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. பிபிசி அந்தத் தொடரை ஒளிபரப்பிய பிறகு இந்திய அரசாங்கம் கோபப்பட்டு 1970-இல் பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூடச் சொல்லிவிட்டது.

நான் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்தத் தொடரின் முதல் பகுதியில் மால் ஒரு விஷயத்தோடு மல்லுக்கட்டுகிறார். கேமராவைத் தூக்கினாலே ஊர்ஜனங்கள் நின்று கேமராவையே பார்க்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்க வந்தேன், அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்கிறார். அந்தப் பார்வைகளை அவர் வெட்டி எறியவில்லை. ஒருவரைப் பார்ப்பது என்பது சாதாரணக் காரியம் இல்லை, பார்வையாலேயே ஒருவருக்குத் தீங்கு செய்துவிட முடியும் என்கிற நினைப்பு இந்த மனிதருக்கு அப்போதே இருந்திருக்கிறது. அதற்கு 18 வருஷம் கழித்து வகுப்பறையில் ஜூலியன் திரும்பிப் பார்க்கிறான்.

வெண்திரை:

அருமை, மயிலைத்தேர். இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

ஒளியோவியன்:

ஒளிப்பதிவு ரெனாட்டோ பெர்ட்டா. பார்த்தால் உடனே தெரியும், படத்தில் வெதுவெதுப்பான நிறமே கிடையாது. சாம்பல், கருநீலம், கற்சுவர், பனி. பையன்கள் பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது. விரல் விறைத்துப் போயிருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் உட்கார்ந்து பார்த்தாலும் குளிர்கிறது.

அந்தக் குளிருக்குள் மூன்று இடத்தில் மட்டும் சூடு. சாப்ளினின் பழைய ஊமைப்படத்தைப் பையன்களும் சாமியார்களும் ஜோசஃப்பும் சேர்ந்து பார்க்கிற காட்சி ஒன்று. ஒருவர் வயலின், ஒருவர் பியானோ வாசிக்க, எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். ஜோசஃப் அவர்களில் ஒருவனாக இருக்கிற ஒரே காட்சியும் அதுதான். குடியேறிகளின் கப்பல் அமெரிக்கக் கரையைத் தொட்டு, திரையில் சுதந்திர தேவி சிலை வரும்போது போனேயின் முகத்தைக் கவனியுங்கள்.

இரண்டாவது, விமானத் தாக்குதல் எச்சரிக்கை வந்து எல்லாரும் பதுங்கும்போது, இவர்கள் இருவர் மட்டும் மேலேயே நின்றுவிட்டு ஒரே பியானோவில் நான்கு கையால் துள்ளலிசை வாசிப்பது. மூன்றாவது, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் அரபுக் கதைகள் வாசிப்பது. பியானோ டீச்சராக வருகிற பெண்ணையும் பாருங்கள். இரேன் ஜேக்கப், அவருக்கு இதுதான் முதல் படம்.

காடும் உண்டு. புதையல் தேடும் விளையாட்டில் இரண்டு பேரும் வழி தவறிவிடுகிறார்கள், இருட்டிவிடுகிறது. ஜெர்மன் வண்டி வருகிறது. போனே உயிர்பயத்தில் ஓடுகிறான். சிப்பாய்கள் பிடித்து, போர்வை போர்த்தி, பத்திரமாகப் பள்ளியில் கொண்டுவந்து விடுகிறார்கள். நாங்களும் கத்தோலிக்கர்தான், பவேரியாக்காரர்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிற போனேக்கு அந்த அன்பு எப்படி இருந்திருக்கும்!

செம்பருத்தி:

எல்லாரும் இவ்வளவு எழுதியதைப் படித்ததும் ஒரு கேள்வி. எனக்குப் பதினொரு வயதில் மகன் இருக்கிறான். சேர்ந்து பார்க்கலாமா? ரத்தம் சண்டை ஒன்றும் இல்லை என்று தெரியும். ஆனால் முடிவு அவனை என்ன செய்யும் என்று பயமாக இருக்கிறது. கடைசியில் ஃபாதரும் மூன்று பிள்ளைகளும் வாசலைத் தாண்டிப் போன பிறகு மாலின் குரல் வந்து, மூன்று பேரும் ஆஷ்விட்ஸில், ஃபாதர் மவுத்தவுசனில் என்று சொல்லிவிடுகிறதே.

பாரிஸ்வாசி:

தங்கச்சி, தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் தனிய விடவேண்டாம். மகளின் ஆசிரியை செய்ததைச் சொல்கிறேன். படம் போடுவதற்கு முதல் கிழமையே மஞ்சள் நட்சத்திரம், விஷி, மிலீஸ் என்றால் என்ன என்று படிப்பித்துப்போட்டார். இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பாதி விளங்காது, விளங்காததுதான் கூடப் பயமுறுத்தும். படம் முடிந்ததும் உடனே கேள்வி கேட்கவில்லை, அடுத்த நாள்தான் கதைக்க விட்டார். எழுதச் சொன்னதும் ஒரு விசயம்தான்: ஜோசஃப்புக்கு ஒரு கடிதம். மகள் இரண்டு பக்கம் எழுதினாள். முதல் பக்கம் முழுக்கக் கோபம், இரண்டாம் பக்கத்தில் உனக்கு இப்ப சாப்பாடு யார் தருகிறார்கள் என்று கேட்டிருந்தாள்.

வெண்திரை:

நள்ளிரவுக்காட்சி, அந்தப் பிள்ளை உங்கள் கட்சி போலிருக்கிறது.

நள்ளிரவுக்காட்சி:

முதல் பக்கம் உங்கள் கட்சி, வெண்திரை. அந்தக் கோபம் இல்லாமல் இரண்டாவது பக்கத்துக்கு வரக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

செம்பருத்தி, மகனோடு இதைப் பாருங்கள், 'லகோம்ப், லூசியன்' மட்டும் இப்போது வேண்டாம், அது பெரியவர்களுக்கான படம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். கல்வெட்டு, 1974-இல் நடந்த சர்ச்சையைப் பற்றி அங்கே நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும்.